கொடையும் வரியும்

நெல்லைச் சீமையில் ‘கொடை’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, தமிழர் அனைவரும் அறிந்த ஈகை. மற்றொன்று, ஊர்க்கோயில் விழா. ‘சுடலைக்குக் கொடை’, ‘அம்மனுக்குக் கொடை’ என்று இங்கே ஒருவர் சொன்னால், அது நன்கொடையைப் பற்றிய பேச்சன்று; வில்லும் மேளமும் விடிய விடிய முழங்கப்போகும் விழாவைப் பற்றிய பேச்சு. அந்த விழாச் செலவுக்காக, குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரார் தம்மீது தாமே விதித்துக்கொள்ளும் தொகைக்குத் ‘தலைக்கட்டு வரி’ என்று பெயர். ஈகையைக் குறிக்கும் சொல் விழாவுக்கும், அரசுக்குரிய சொல் அதன் செலவுக்கும் வந்து வாய்த்திருக்கின்றன. கலைக்குப் பொதுப்பணம் வந்த வழிகளை ஆராயப் புகும் நமக்கு இவ்விரு சொற்களும் நல்ல தொடக்கமாகும்.

தாமிரபரணிக் கரையில் முக்கூடல் என்னும் ஊர் இருக்கிறது. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இதுவன்று. அது ஆறுகள் கூடும் சீவலப்பேரி. நாம் குறிப்பிடும் முக்கூடல் அதற்கு மேற்கே, பீடித் தொழிலாலும் முத்துமாலை அம்மன் கோயிலாலும் பெயர் பெற்ற ஊர். அவ்வட்டாரத்துப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய நாள்களில், ஒரு மாலைப் பொழுதில் முதியவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வில்லுப்பாட்டுப் பாடியவர். நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்றார். விண்ணப்பத்தோடு, அவர் கலைஞர் என்பதற்கான சான்றுகளும் கேட்கப்பட்டிருந்தன. அச்சிட்ட அழைப்பிதழ், நாளேட்டுச் செய்தி, நிழற்படம் ஆகியவற்றுள் ஏதும் அவரிடம் இல்லை. கொடைகளில் பாடியதற்கு எழுத்தில் ஒன்றுமே இல்லையா என்று கேட்டோம்.

“கொடை முடிஞ்சதும் வெத்தல பாக்குல வச்சுத் தருவாவ சாமி, ரசீதா எழுதித் தருவாவ?” என்றார் அவர்.

கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். அதனுள் பழைய நோட்டுப் புத்தகங்கள் நான்கு இருந்தன. தம் ஆசான் வாயிலிருந்து கேட்டுத் தம் கையால் எழுதிவைத்த கதைப்பாடல்கள் அவற்றில் நிறைந்திருந்தன. ஆனால் விண்ணப்பத்தில் அந்த நோட்டுகளுக்கு இடம் இல்லை. அவர் சென்ற பின்னும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. ஒரு மனிதர் கலைஞர் என்பதை யார் முடிவு செய்வது? அவருக்குச் சேரவேண்டிய பொதுப்பணம் எவ்வழியே அவரை அடைவது? விடை தேட வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஊர் வரியில் வாழ்ந்த கலை

வில்லுப்பாட்டு தென்பாண்டி நாட்டின் சொத்து. நீண்ட வில், அதில் கட்டிய மணிகள், வில்லைத் தட்டும் வீசுகோல், குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகிய இவ்வளவே அதன் கருவிகள். வழிபடப்படும் தெய்வத்தின் பிறப்பையும் வாழ்வையும் இறப்பையும் புலவர் பாடுவார். ஊரார் இரவு முழுவதும் அமர்ந்து கேட்பார்கள். அதற்கு இணையாகச் சுடலை மாடன் கோயில்களில் மகுடம் என்னும் தோற்கருவியை முழக்கிக் கணியான் கூத்து நிகழும். இவ்விரு கலைகளுக்கும் ஆதரவு தந்தவை அரண்மனைகள் அல்ல, தலைக்கட்டு வரியே.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். பாபநாசம் மலைமேல் சொரிமுத்து ஐயனார் கோயில் வளாகத்தில் வழிபடப்படுபவர் பட்டவராயர் எனப்படும் முத்துப்பட்டன். அந்தணராகப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, மாமனாரின் தொழிலைத் தன் தொழிலாக ஏற்று, ஆநிரை காக்கும் போரில் உயிர் துறந்தவன் அவன் என்கிறது கதைப்பாடல். சாதி ஒழுங்கு கல்லில் செதுக்கியதுபோல் இருந்த காலத்தில் இத்தகைய கதையைப் பாடச் சொல்லி எந்த அரசவை பொற்காசு தந்திருக்கும்? ஊரார் தந்தார்கள். பாடியவரின் நினைவிலும் கேட்டவரின் கண்ணீரிலும் அது தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. பின்னர் நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை அதைப் பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் நூலாக வெளியிட்டது. ஊர் வரி காத்துவந்த பாடலைப் பொதுப்பணத்தில் இயங்கிய பல்கலைக்கழகம் அச்சேற்றிய நற்செயல் அது.

எனினும் பழைய ஏற்பாட்டை நாம் பொன்னுலகமாகக் காட்டக் கூடாது. ஊர் தந்தது வெற்றிலை பாக்கில் வைத்த கூலி. அதோடு சாதி விதித்த இடத்தையும் தந்தது. பறை முழக்கியவருக்கு அது கலையாக அன்று, மறுக்க முடியாத ஊழியமாகவே திணிக்கப்பட்டது. எங்கே நிற்க வேண்டும், எங்கே உண்ண வேண்டும் என்பதையும் ஊரே வகுத்தது. பாட்டை மதித்த ஊர் பாடியவரை எப்போதும் மதித்தது என்று சொல்வதற்கில்லை. ஆகவே, அரசு கலைஞருக்குக் கைகொடுக்க முன்வந்தபோது அது பணத்தை மட்டும் கொண்டுவரவில்லை. ‘நீ இந்நாட்டின் குடிமகன், உன் கலைக்காக உனக்கு உதவி பெறும் உரிமை உண்டு’ என்னும் புதிய பேச்சையும் கொண்டுவந்தது. இதை மறந்துவிட்டு அரசைக் குறைகூறுவது நன்றியன்று.

அரண்மனைக் கொடை

ஊர் வரிக்கு அப்பால் மன்னரும் பாளையக்காரரும் ஜமீன்தாரும் தந்த கொடை உண்டு. நெல்லை மண் இதில் செழிப்பான வரலாறு உடையது. திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் நிலம் வழங்கினார். அந்நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வழங்கிற்று. ஒரு நூலின் பெயர் ஒரு வயலின் பெயரான சிறப்பு அது. எட்டயபுரம் அரண்மனையில் உமறுப் புலவர் அவைப்புலவராக இருந்தார். அதே சமஸ்தானத்தின் ஆதரவில் 1904இல் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சேறியது. ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அரவணைப்பில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து பிறந்தது.

ஆனால் அரண்மனைக் கொடை பெற்ற புலவர், கொடுத்தவரைப் பாட வேண்டும் என்னும் எழுதா விதியும் உடன் இருந்தது. நெல்லையில் 1774இல் பிறந்து தஞ்சையில் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியாரை இங்கே நினைக்கலாம். இரண்டாம் சரபோஜி மன்னர் அவரை ஆதரித்தார். சரபோஜியையே தலைவனாக வைத்துக் குறவஞ்சி பாடப்பட்ட அந்தத் தஞ்சையில், சாஸ்திரியார் பெத்லகேமில் பிறந்தவரைத் தலைவராக்கிப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். பெருவுடையார்மீது பாடும்படி மன்னர் கேட்க, அவர் பணிவோடு மறுத்தார் என்றும், மன்னர் அதற்காக அவரை வெறுக்கவில்லை என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கதையின் நுணுக்கங்கள் எவ்வாறாயினும், அதன் சாரம் நமக்குத் தேவையானது. கொடுத்தவர் கேட்கலாம், பாடுபவர் மறுக்கலாம், அதன் பின்னும் சோறு நிற்காதிருக்க வேண்டும். இது ஒரு மன்னரின் பெருந்தன்மையால் மட்டும் நிகழக்கூடிய ஒன்றாக இருந்தது. அதைச் சட்டத்தாலும் ஒழுங்காலும் நிலைநிறுத்துவதே பிற்காலத்துக் குடியரசின் முன் நின்ற பணி.

சென்னை மாகாணத்தின் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அந்த அரண்மனைகளின் வருவாய் முடிவுக்கு வந்தது. உழவருக்கு அது விடுதலை. ஆனால் அரண்மனை முற்றத்தில் நின்றிருந்த பாடகருக்கும் புலவருக்கும் அன்று வேறு புரவலர் எவரும் ஆயத்தமாக இல்லை.

அரசு ஏற்ற பொறுப்பு

அரசியல் அமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், நாடக அரங்குகளும் நாடக நிகழ்ச்சிகளும் மாநிலங்களின் பொறுப்பாக வைக்கப்பட்டுள்ளன. நடுவண் அரசு 1953 ஜனவரியில் சங்கீத நாடக அகாதெமியைத் தொடங்கியபோது, அதன் முதல் தலைவராகச் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.வி. ராஜமன்னார் அமர்ந்தார். அடுத்த ஆண்டில் சாகித்திய அகாதெமியும் லலித் கலா அகாதெமியும் தோன்றின. சென்னை மாநிலமும் பின்தங்கவில்லை. 1955இல் மாநிலச் சங்கீத நாடகச் சங்கம் அமைக்கப்பட்டது. அதுவே 1973இல் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் என்னும் தமிழ்ப் பெயர் பெற்றது. கலைமாமணி விருதை வழங்கும் அமைப்பு இதுவே.

இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கலைக்கு உதவும் சங்கம் பிறந்தது 1955இல். அதற்கு முந்திய ஆண்டில்தான், 1954இல், நாடக நிகழ்ச்சிகள் சட்டம் சென்னை மாநிலத்தில் இயற்றப்பட்டது. நடிகர் எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகம் எழுப்பிய கொந்தளிப்பு அதன் பின்னணியில் இருந்தது. நாடகப் பிரதியைக் கேட்டு வாங்கவும், ஏற்கத் தகாதது எனக் கருதினால் நாடகத்தைத் தடுக்கவும் அச்சட்டம் அரசுக்கு இடமளித்தது. 1876ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்தின் வாரிசு அது. ஓராண்டில் பூட்டு, மறு ஆண்டில் பொற்கிழி! ராதாவின் கருத்துகள் நமக்கு உடன்பாடானவை அல்ல என்பது உண்மையே. ஆனால் இன்று நமக்கு உடன்பாடற்றதைப் பூட்டும் சாவி, நாளை நம் பாஸ்கா நாடகத்தையும் பூட்டக்கூடும். அச்சட்டத்தின் முதன்மையான பிரிவுகள் செல்லா எனச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2013 வரை காத்திருக்க நேர்ந்தது.

அதன் பின் அமைப்புகள் பெருகின. தஞ்சாவூரில் 1986இல் தென்னகப் பண்பாட்டு மையம் வந்தது. மாநில அரசின் கலை பண்பாட்டுத் துறை 1991இல் தனித்துறையாக உருப்பெற்றது. அத்துறையின் மண்டல மையங்களுள் ஒன்று நெல்லையில் அமைந்தது. அரசு இசைப்பள்ளியும் இங்கு உண்டு. மாவட்டக் கலை மன்றங்கள் கலைஞரின் வயதுக்கேற்பக் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை ஐந்து விருதுகளை வழங்கி வருகின்றன. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நலவாரியம் 2007இல் அமைந்தது. அதே ஆண்டில் ‘சென்னை சங்கமம்’ கிராமக் கலைஞர்களைத் தலைநகரின் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் அழைத்துச் சென்றது. 2022 நவம்பரில் நெல்லையிலேயே பொருநை இலக்கியத் திருவிழா நடைபெற்றது. இவை யாவும் பாராட்டத்தக்கவை. மாநிலம் ஒன்று தன் கலைகளுக்காக இத்தனை வாயில்களைத் திறந்து வைத்திருப்பது சிறு செயலன்று.

பிறகு ஏன் அந்த முதியவர் நான்கு நோட்டுகளோடு நம் வாசலில் நின்றார்?

தாமிரபரணியே இதற்கு விடை சொல்லும். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இந்த ஆற்றின் குறுக்கே நிற்கின்றன. முக்கூடலுக்கு அண்மையில் உள்ள அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து கோடகன் கால் பிரிகிறது. அணையில் நீர் நிறைந்திருந்தால் மட்டும் வயல் விளைந்துவிடாது என்பது இங்குள்ள சிறு பிள்ளைக்கும் தெரியும். தலைமடைக்காரர் வேண்டிய மட்டும் பாய்ச்சிக்கொண்டால் கடைமடை காயும். அதனால்தான் நம் முன்னோர் முறை வைத்தனர். மடை பார்க்க ஆள் வைத்தனர். மடை பார்ப்பவர் வயலைத் தேடி நடப்பார். ‘உன் வயல் காய்ந்ததற்குச் சான்று கொண்டு வா’ என்று அவர் கேட்பதில்லை.

கலைக்கான பொதுப்பணத்துக்குத் தலைமடை என்பது தலைநகர், வானொலி, தொலைக்காட்சி, அச்சிட்ட அழைப்பிதழ். நெல்லைக்கு அருகே சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் சென்னை சென்று, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனோடு பணியாற்றி, வில்லிசையை நாடெங்கும் கொண்டு சென்றார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் மறைந்தார். அவர் பெற்ற பெருமை முற்றிலும் தகும். ஆனால் ஊரைவிட்டு நகராமல் கொடைக் களத்திலேயே பாடி முதுமை எய்தியவருக்கு எழுத்துச் சான்று எங்கிருந்து வரும்? பெருவிழாவில் ஒரு மேடையும் சில நிமிடங்களும் கிடைத்தாலும், ஓர் இரவு முழுவதும் பாடவேண்டிய கதையை அச்சில நிமிடங்களுக்குள் சுருக்கினால், எஞ்சுவது கதையா, கதையின் அடையாள அட்டையா?

கொடுக்கும் கையும் பாடும் வாயும்

பணம் வந்து சேர்வது ஒரு சிக்கல் என்றால், வந்த பணம் பாட்டை வளைப்பது மற்றொரு சிக்கல். கேளிக்கை வரியின் வரலாறு இதற்குச் சான்று. ராஜாஜியின் அமைச்சரவை மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது குறைந்த வருவாயை ஈடுகட்டத் தேடிய வழிகளுள் ஒன்று, 1939ஆம் ஆண்டின் கேளிக்கை வரிச் சட்டம். ஊர் வரி கலைக்காகத் திரட்டப்பட்டது. அரசின் இந்த வரியோ கலையிலிருந்து திரட்டப்பட்டது. திசை தலைகீழானது. பின்னர் 2006இல், தமிழில் பெயர் சூட்டப்பட்ட திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று மாநில அரசு அறிவித்தது. உடனே தயாரிப்பாளர் பலர் தம் படங்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டினர். நோக்கம் நல்லதே, தமிழ் வாழ வேண்டும் என்பதில் நமக்கு ஐயம் இல்லை. ஆயினும் பெயர் தமிழாயிற்றே அன்றி, உள்ளிருந்த கதை அதனால் உயர்ந்ததாகத் தெரியவில்லை. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததோடு அச்சலுகை முடிந்தது.

உலகின் பிற நாடுகளும் இச்சிக்கலைக் கண்டிருக்கின்றன. பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவில் அமெரிக்க நடுவண் அரசு, வேலையிழந்த நாடகக் கலைஞர்களுக்காக 1935இல் ஒரு கூட்டரசு நாடகத் திட்டத்தைத் தொடங்கியது. ஏழைகள் முதன்முறையாக நாடகம் கண்டனர். ஆனால் சில நாடகங்களின் அரசியல் பிடிக்காதவர்கள் எதிர்ப்புக் கிளப்ப, 1939இல் நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது, திட்டமே மாண்டது. இதற்கு மாற்றாக, பொருளாதார அறிஞர் கெயின்ஸ் முன்னின்று உருவாக்கிய பிரிட்டானியக் கலை மன்றம் 1946இல் பிறந்தது. பணத்தை அரசு தரும். ஆனால் எதற்குத் தருவது என்பதை அரசுக்குச் சற்று விலகி நிற்கும் குழு முடிவு செய்யும் என்பது அதன் நெறி. நல்ல நெறிதான். எனினும் அங்கும் பெரும் பங்கு இலண்டனின் பெரிய அரங்குகளுக்கே சென்றது என்னும் குறை நெடுங்காலம் ஒலித்தது. கடைமடை என்பது எல்லா நாடுகளிலும் உண்டு போலும்.

இறைமக்களின் காணிக்கை

நம் நம்பிக்கை இதுபற்றி என்ன கூறுகிறது? இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் கொள்கைத் திரட்டு, தன் 59ஆம் பத்தியில் இதைத் தெளிவாகவே தொட்டுப் பேசுகிறது. பண்பாடு எந்த வடிவில் இருக்க வேண்டும் எனத் தீர்மானிப்பது அரசின் வேலையன்று. எல்லா மக்களிடையேயும், சிறுபான்மையினரிடையேயும் கூட, பண்பாட்டு வாழ்வு தழைப்பதற்குரிய சூழலையும் வாய்ப்பையும் ஏற்படுத்தித் தருவதே அதன் வேலை என்பது அப்பத்தியின் கருத்து. இதற்கு வேர் 1931இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் விளக்கிய துணைநிலைக் கோட்பாட்டில் உள்ளது. சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய சமூகம் பறித்துக்கொள்ளலாகாது. அது தளரும்போது தாங்க வேண்டும் என்பதே அக்கோட்பாடு. கொடையை நடத்துவது ஊர். ஊர் தளரும்போது தோள் கொடுப்பது அரசு. ஊரின் இடத்தில் அரசே அமர்ந்துவிட்டாலும் பிழை. ஊர் தளர்ந்து விழும்போது அரசு பார்த்து நின்றாலும் பிழை.

விடுதலைப் பயண நூலில் பொதுப்பணத்தால் உருவான இரண்டு கலைப்படைப்புகள் உள்ளன. இரண்டுக்கும் பொன் தந்தவர்கள் ஒரே மக்கள். ஒன்று, பொற்கன்று. கூட்டம் நெருக்கியது, ஆரோன் காதணிகளைக் கழற்றித் தரும்படி சொன்னார், கன்று உருவாயிற்று. அதற்குத் திட்டம் இல்லை, கணக்கு இல்லை. பின்னர் மோசே கேட்டபோது, பொன்னை நெருப்பில் போட்டேன், இந்தக் கன்று வெளிவந்தது என்ற பொருள்பட ஆரோன் சொன்ன விடை, பொதுப்பணத்துக்குக் கணக்குச் சொல்ல இயலாதோர் அனைவருக்கும் முன்னோடியான விடை! மற்றொன்று, ஆண்டவரின் கூடாரம். உள்ளம் உவந்து தருவோர் மட்டுமே தந்தனர். போதும் என்று மோசே தடுத்து நிறுத்தும் அளவுக்குக் காணிக்கை குவிந்தது. பெட்சலேலும் ஒகோலியாபும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டனர். அவர்களுக்குக் கைத்திறனோடு, பிறருக்குக் கற்பிக்கும் ஆற்றலும் இறைவனால் அருளப்பட்டது. வேலை முடிந்தபின் பொன் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு, வெண்கலம் எவ்வளவு என்று கணக்கும் எழுதி வைக்கப்பட்டது. உவந்து தரும் மக்கள், பெயர் அறியப்பட்ட கலைஞர், கற்றுக்கொள்ளும் இளையோர், திறந்த கணக்கு ஆகிய இந்நான்கும் சேர்ந்த இடத்தில் கூடாரம் எழுந்தது. இவை இல்லாத இடத்தில் கன்று எழுந்தது.

மாநிலத்தின் கலைத் திட்டத்துக்கும் இந்நான்கையே அளவுகோலாக வைக்கலாம். விருதுகள் முதல் தேவையல்ல. ஒவ்வொரு வட்டாரத்திலும் எவர் எதைப் பாடுகிறார் என்பதை, மடை பார்ப்பவர்போல் நடந்து சென்று அறியும் ஏற்பாடு முதல் தேவை. ஊரார் பத்துப் பேர் கூடிச் சொல்லும் வாய்மொழிக்கு அழைப்பிதழின் மதிப்பு வேண்டும். ஆசானிடம் கற்கும் இளைஞருக்கு உதவித்தொகை வேண்டும். ஏனெனில் முதியவருக்கு மட்டும் உதவுவது மறைந்துகொண்டிருக்கும் கலைக்கு மருந்துச் செலவு தருவதாகவே முடியும். நோட்டுப் புத்தகங்களைப் படியெடுத்துப் பாதுகாக்க வேண்டும். இத்தகைய பணியைப் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் நம் கண்ணெதிரே செய்து காட்டியிருக்கிறது.

பங்கின் பழைய கணக்கேடு

அரசை நோக்கி விரல் நீட்டியபின், மீதி விரல்கள் யாரை நோக்குகின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

முதியவர் வந்து சென்ற சில நாள்களுக்குப் பின், அவருக்கு ஒரு சான்றுக் கடிதம் எழுத அமர்ந்தோம். ‘நமக்குத் தெரிந்தவர்’ என்பதற்குமேல் எழுத நம்மிடம் ஒன்றும் இல்லை. அப்போது, அவர் நம் ஆலயத் திருவிழாவிலும் பாடியிருக்கிறார் என்று உபதேசியார் சொன்னார். பங்கு இல்லத்து மர அலமாரியில் இருந்த பழைய கணக்கேடுகளை எடுத்துப் புரட்டினோம். திருவிழாச் செலவுப் பக்கங்களில், ‘வில்லுப்பாட்டுக் குழுவினர்க்கு’ என்று நமக்கு முன்னிருந்த குருக்கள் எழுதிய வரிகள் ஆண்டுதோறும் இருந்தன. சில இடங்களில் வருவாய் முத்திரையின்மேல் அவருடைய கையொப்பமும் இருந்தது. எங்கும் கிடைக்காத ரசீது நம் அலமாரியிலேயே இத்தனை ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. மகிழ்ந்தோம்.

மேலும் புரட்டியபோது அம்மகிழ்ச்சி அடங்கியது. 1994ஆம் ஆண்டுப் பக்கத்தில் அவ்வரி கடைசியாக இருந்தது. அடுத்த ஆண்டுப் பக்கத்தில் அதே இடத்தில் ‘மெல்லிசைக் குழு, ஒலி, ஒளி’ என்று இருந்தது; தொகையும் பன்மடங்கு உயர்ந்திருந்தது. அதன்பின் வில்லுப்பாட்டு எந்தப் பக்கத்திலும் திரும்பி வரவில்லை. நாம் பொறுப்பேற்றபின் எழுதிய பக்கங்களும் அவ்வாறே இருந்தன. அந்த வரியை எந்த அரசும் நீக்கவில்லை. எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இளைஞர் கேட்டனர், கூட்டம் வரும் என்றனர், நாமும் தலையசைத்தோம். ஆரோனைப் பற்றி மறையுரை ஆற்றும்போது இனி நமக்குக் குரல் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும்.

நம் திருவிழாவுக்கு மக்கள் தருவதும் வரிதான், அதுவும் பொதுப்பணமே. பத்து நாள் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படியை நம் வட்டாரத்துக் கலைஞருக்கென ஒதுக்குவதற்கு எந்த அலுவலகத்தின் ஆணையும் தேவையில்லை. தேவசகாயம் பிள்ளை 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாம் பதாகைகளுக்குச் செலவிட்டதில் ஒரு பகுதியை, அவர் வரலாற்றை வில்லில் பாடவல்ல ஒரு குழுவுக்குத் தந்திருந்தால், அப்பாடல் இன்றும் நம் சிறுவர் வாயில் இருந்திருக்கும். கலைஞருக்குக் கொடுக்கும்போது முறையாக ரசீது எழுதுவதும், நிகழ்ச்சியின் பெயரையும் நாளையும் பங்கு ஏட்டில் பதிவதும் வெறும் கணக்கு வேலை அல்ல. நாளை ஒருவர் தம் உரிமையைக் கேட்டு நிற்கும்போது அவர் கையில் இருக்கப்போகும் ஒரே சான்று அதுவாக இருக்கலாம்.

கணக்கேட்டுப் பக்கங்களின் படிகளை இணைத்து முதியவரின் விண்ணப்பத்தை அனுப்பினோம். அவ்வாண்டுத் திருவிழாவுக்கான நிதிக்குழுக் கூட்டத்தில் வில்லுப்பாட்டுக்கு ஒரு வரி சேர்க்கக் கேட்டோம். எளிதில் இசைவு கிடைக்கவில்லை. ‘யார் உட்கார்ந்து கேட்பார்கள்?’ என்றனர். கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டால் நாம் கேட்போம் என்றோம். எட்டாம் திருநாள் இரவு அவர் பாடினார். குரல் தளர்ந்திருந்தது, உடுக்கை அடிக்க வேறு ஊரிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. தொடக்கத்தில் மூதாட்டியர் சிலரே இருந்தனர். நள்ளிரவு நெருங்கியபோது ஆலய முற்றத்தில் பாதி நிறைந்திருந்தது. முடிந்ததும் வெற்றிலை பாக்கில் வைத்தே கொடுத்தோம். உடன் ரசீதும் கொடுத்தோம். அதை இருமுறை படித்துவிட்டு, நோட்டுப் புத்தகங்கள் இருந்த துணிப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.